கிணத்தடிப் பேச்சு

1986, கோடைக்காலம். கலிஃபோர்னியாவில் ஒரு வீடு. இரவு 11 மணி. ரெண்டு வயசுப் பெண்குழந்தையின் தலையில் ஒரு உண்ணி கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. நம்ம ஊர்ல மாட்டு மேல, நாய் மேல பார்த்திருப்பீங்களே, அதே உண்ணிதான். ரத்தம் குடித்து உப்பிப்போய் இருக்கிறது. பிடித்து இழுத்தால் அதன் வாய் உள்ளேயே மாட்டிக்கொள்ளுமா, எண்ணெய் விடலாமா, என்ன செய்யணும்னு அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் தெரியவில்லை. அம்மா குழந்தை டாக்டருக்குப் போன் போடுகிறார். அந்த நேரத்தில் டாக்டர் லைனில் வருவாரா? தகவல் சொல்லிவிட்டு, அவர் திரும்பக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்பா போய் கம்ப்யூட்டரை ஆன் பண்ணுகிறார்.

1986-ன்னு சொன்னேன், ஞாபகம் வெச்சுக்கங்க. கூகுள் வர இன்னும் 12 வருஷம் இருக்கு. வெப்சைட் என்ற பொருளே உலகத்தில் கிடையாது. மோடத்தை டெலிபோன் லைனில் இணைத்து, ஒரு நம்பருக்கு டயல் செய்து, கீச்சுகீச்சென்று ஒரு சத்தம் வந்து அடங்கினால் திரையில் வெறும் எழுத்து மட்டும் வரும். படம் கிடையாது. அப்பா கேள்வியை டைப் பண்ணினார். சில நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. பதில் சொன்னவர் நிஜமாகவே ஒரு டாக்டர். அவருடைய பெயர் ஒரு காமிக்ஸ் ஹீரோவின் பெயர், ஆனால் அதுவும் நிஜப்பெயர்தான். குழந்தை டாக்டரின் கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது, உண்ணியை எடுத்து முடித்திருந்தார்கள்.

அந்த அப்பாவின் பெயர் ஹோவர்ட் ரைன்கோல்ட். எழுத்தாளர். இந்தச் சம்பவத்தை 1993-ல் வந்த 'தி வர்ச்சுவல் கம்யூனிட்டி' என்ற புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஆன்லைன் நட்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் எங்கேயாவது ஒரு இடத்தில் இந்த உண்ணிக்கு வந்து சேருவார்கள். நானும் வந்துட்டேன்.

ஆனா எனக்கு அதுல சுவாரஸ்யமா பட்டது உண்ணி இல்லை, டாக்டர். ராத்திரி 11 மணிக்கு அவர் அங்கே என்ன பண்ணிக்கிட்டிருந்தார்? அது ஹெல்ப்லைன் இல்லை. அவருக்கு டியூட்டி இல்லை. பத்து பைசா வருமானம் இல்லை. எல்லாரையும் போல அவரும் அரட்டை அடிக்கத்தான் வந்திருந்தார். இன்னைக்கு நாம பேசப்போறது அந்த அரட்டையைப் பத்தி.

அந்த இடத்துக்குப் பெயர் 'தி வெல்'. ஹோல் எர்த் லெக்ட்ரானிக் லிங்க் என்ற நாலு வார்த்தைகளின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் வருவது. எலெக்ட்ரானிக்கில் இருக்கிற முதல் 'எ'-வை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள், சுருக்கினால் 'வெல்' என்று வரட்டும் என்று. வெல் என்றால் கிணறு. தண்ணி எடுக்கப் போகிற இடத்தில் தண்ணியைவிட ஊர்க்கதை அதிகமாகக் கிடைக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம்ம பாட்டிகளுக்கு அது தினசரி வேலை.

தொடங்கியவர்கள் ரெண்டு பேர். ஒருவர் ஸ்டூவர்ட் பிராண்ட். 1968-ல் 'ஹோல் எர்த் கேட்டலாக்' என்ற பிரபலமான வெளியீட்டைக் கொண்டுவந்தவர். நகரத்தை விட்டுக் காட்டுக்கும் கிராமத்துக்கும் போய்க் கூட்டாக வாழ நினைத்த அமெரிக்க ஹிப்பி இளைஞர்களுக்கு மண்வெட்டியிலிருந்து புத்தகம்வரை எது எங்கே கிடைக்கும் என்று சொன்ன கையேடு அது. இன்னொருவர் லாரி பிரில்லியன்ட், டாக்டர். இவர் கதை நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

பிரில்லியன்ட் 1970-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து, நீம் கரோலி பாபாவின் ஆசிரமத்தில் இருந்தவர். போய் அம்மையை ஒழிக்கிற வேலையைப் பார் என்று பாபா சொன்னதாக அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து, பெரியம்மையை இந்தியாவிலிருந்து விரட்டிய குழுவில் வேலை பார்த்தார். அதற்குப் பிறகு 1978-ல் நண்பர்களோடு சேர்ந்து 'சேவா' என்ற அமைப்பைத் தொடங்கினார். தடுக்கக்கூடிய பார்வையிழப்பைத் தடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. நம்ம மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கே, 1976-ல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்தது, அதோடு சேவாவுக்கு ஆரம்ப காலத்திலிருந்தே நெருக்கம் உண்டு.

சேவா நேபாளத்தில் வேலை செய்த காலத்தில், அவர்கள் பயன்படுத்திய ஹெலிகாப்டரின் இன்ஜின் மலைப்பகுதியில் பழுதாகி நின்றுவிட்டது. கையில் ஒரு ஆப்பிள் கம்ப்யூட்டர் இருந்தது. அதை வைத்து, வெவ்வேறு நாடுகளில் இருந்தவர்களை ஒரே எழுத்து உரையாடலில் இணைத்து, மாற்று இன்ஜினுக்கு வழி பண்ணினார்கள். ஆளுக்கொரு மூலையில் இருக்கிறவங்க ஒரே திரையில உட்கார்ந்து பேசினா காரியம் நடக்கும் என்று பிரில்லியன்ட்டுக்குப் புரிந்தது அப்போதுதான். பிற்பாடு அவர் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தினார். கம்ப்யூட்டரையும் மென்பொருளையும் நான் தருகிறேன், ஆட்களை நீ கூட்டி வா என்று பிராண்டிடம் போனார். 1985 ஏப்ரல் 1-ஆம் தேதி வெல் திறந்தது. முட்டாள்கள் தினம்தான். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் சாசலிட்டோ என்ற சின்ன ஊர், ஒரு ஆபீஸ், அதில் ஒரு வாக்ஸ் கம்ப்யூட்டர், சில மோடம்கள். அவ்வளவுதான் சொத்து.

கட்டணம் மாதம் 8 டாலர். அதுக்கு மேல உள்ளே இருக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 2 டாலர். இதை யோசிச்சுப் பாருங்க. அரட்டை அடிக்க மீட்டர் ஓடுது. ஆனாலும் ஜனங்க வந்தாங்க. அன்று இதே மாதிரி இருந்த மற்ற சேவைகளோடு ஒப்பிட்டால் இது மலிவு.

உள்ளே ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு 'கான்ஃபரன்ஸ்'. நாம அறைன்னு வெச்சுக்கலாம். குழந்தை வளர்ப்புக்கு ஒரு அறை, உடல்நலத்துக்கு ஒரு அறை, அரசியலுக்கு ஒரு அறை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு 'ஹோஸ்ட்', கல்யாண வீட்டுல வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிடுறவர் மாதிரி. கிரேட்ஃபுல் டெட் என்ற இசைக்குழுவின் ரசிகர்களுக்கு 1986-ல் ஒரு அறை திறந்தார்கள். கச்சேரி டிக்கெட், ஒலிநாடா பரிமாற்றம், பாட்டைப் பற்றி விடிய விடியச் சண்டை என்று அங்கே ஓடிய மீட்டரில்தான் பல மாதம் வெல்லின் கரண்ட் பில்லே கட்டப்பட்டது என்று சொன்னால் பெரிய மிகையில்லை. உபயோகமான அறைகளை உபயோகமில்லாத அறை காப்பாற்றியது.

பிராண்ட் ரெண்டு முடிவு எடுத்தார். முதலாவது, முகமூடி கிடையாது. புனைபெயர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் யார் என்று பார்த்தால் உண்மைப் பெயர் தெரியும். ரெண்டாவது, உன் சொல்லுக்கு நீயே சொந்தக்காரன் என்ற விதி. நீ எழுதியதற்கு வெல் பொறுப்பில்லை, நீதான் பொறுப்பு, என்று வக்கீல் தொல்லைக்குப் பயந்து வைத்ததும் அதில் உண்டு. ஆனால் அந்த ஒரு வரி பின்னால் என்னவெல்லாம் பண்ணும் என்று அன்று யாருக்கும் தெரியாது. அதுக்கு அப்புறம் வரேன்.

நடத்துவதற்கு எடுத்த ஆட்களும் விசித்திரம். மேத்யூ மெக்க்ளூர், கிளிஃப் ஃபிகாலோ, ஜான் கோட் என்று ஆரம்ப கால நிர்வாகிகள் மூணு பேருமே டென்னசியில் 'தி ஃபார்ம்' என்ற கூட்டுப்பண்ணையில் பல வருஷம் வாழ்ந்தவர்கள். நூற்றுக்கணக்கான பேர், சொந்தச் சொத்து இல்லாமல், ஒரே சமையல் ஒரே கணக்கு என்று இருந்த இடம் அது. கம்ப்யூட்டர் படித்தவர்களை எடுக்காமல் இவர்களை எடுத்தது ஏன்? கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். பத்து பேர் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா சண்டை வரத்தான் செய்யும். சண்டை வராம பார்த்துக்கிறவர் அங்கே தேவையில்லை, சண்டைக்கு அப்புறமும் ஒரே பந்தியில உட்கார வைக்கத் தெரிஞ்சவர்தான் தேவை. அவர்கள் மாதாமாதம் ஆபீஸிலேயே விருந்து வைத்தார்கள். திரையில் நாள் கணக்காக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டவர்கள், கையில் தட்டோடு நேரில் நின்று, ஓ, நீதானா அது, என்று பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு நியாயத்தையும் சொல்லிடணும். இது எல்லாருக்குமான கிணறு கிடையாது. 1980-களில் வீட்டில் கம்ப்யூட்டரும் மோடமும் வைத்திருந்தவர்கள் யார்? படித்த, வசதியான அமெரிக்கர்கள்; அதிலும் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்துக்காரர்கள்; அதிலும் ஆண்கள் அதிகம். சில நூறு பேரோடு தொடங்கி 1993-ல் ஏறக்குறைய 8,000 பேர் ஆனார்கள். இன்றைக்கு ஒரு பெரிய அப்பார்ட்மென்ட் காலனியில் இருக்கிற ஆட்கள். இதை உலகத்துக்கே முன்மாதிரி என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் அதிகமாகவே பூரிக்கிறார்கள் என்பது என் கருத்து.

ஆனால் அந்த 8,000 பேருக்குள் நடந்தது சின்ன விஷயம் இல்லை.

குழந்தை வளர்ப்பு அறையில் தினமும் என்ன பேசினார்கள்? பையன் சாப்பிட மாட்டேங்கிறான், பொண்ணு தூங்க மாட்டேங்கிறா, பள்ளிக்கூடத்தில் டீச்சர் இப்படிச் சொன்னார். ஒரு நாள் அங்கே பழகிய ஒரு எழுத்தாளர் வந்து, தன் மகனுக்கு ரத்தப்புற்றுநோய் என்று எழுதினார். ஆறுதல் சொன்னவர்கள் இருந்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். அதோடு நர்ஸ்கள் வந்தார்கள், டாக்டர்கள் வந்தார்கள், அதே நோயோடு வாழ்கிறவர்கள் வந்தார்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை என்றால் என்ன, இந்த மருந்து கொடுத்தால் குழந்தைக்கு என்ன ஆகும், டாக்டரிடம் எந்தக் கேள்வியைக் கேட்கணும் என்று பேச்சு நீண்டது. அந்தக் குடும்பம் ஒவ்வொரு பரிசோதனைக்குப் போய் வரும்போதும், முடிவு என்ன என்று கேட்க அங்கே ஒரு கூட்டம் காத்திருந்தது.

நாட்டின் இன்னொரு கோடியில், மாசசூசெட்ஸில், ஒரு வானொலி தயாரிப்பாளர். அவருடைய கைக்குழந்தைக்கு மூச்சுப் பிரச்சினை. நடுராத்திரி இருட்டு அறையில், மானிட்டரின் விளக்கு மினுக்குவதைப் பார்த்தபடி, குழந்தை மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டபடி எழுதிய குறிப்புகளை வெல்லில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது மருத்துவ ஆலோசனை இல்லை. அந்த நேரத்துல முழிச்சிருக்கிற இன்னொரு ஆள். ரைன்கோல்ட் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தக் குடும்பம் தனக்கு நெருக்கமானது என்று எழுதுகிறார்.

இன்னொரு கதை டெல்லியில் நடக்கிறது. வெல்லில் பல காலம் பழகிய ஒரு பெண், இமயமலைப் பக்கம் பயணம் வந்தவர், இங்கேயே தங்கிப் பௌத்தத் துறவியாகிவிட்டார். நண்பர்களுக்கு அவரைப் பற்றிக் கொஞ்ச நாள் தகவலே இல்லை. அப்புறம் வந்த தகவல் இடி மாதிரி வந்தது. கல்லீரல் நோய், டெல்லியில் மருத்துவமனை, கோமா. திரையில் அந்தச் செய்தி வந்த சில மணி நேரத்தில் ஆளாளுக்கு ஒரு வேலையைக் கையில் எடுத்தார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. டெல்லியில் தெரிந்த டாக்டர்கள் யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் தேடினார். நோயாளியைத் தூக்கி வருகிற விமானத்துக்கு என்ன செலவாகும் என்று ஒருவர் விசாரித்தார். ஒருவர் பணம் திரட்ட ஆரம்பித்தார். டெல்லியில் எந்த இடத்திலிருந்து கம்ப்யூட்டர் வழியாகத் தகவல் அனுப்ப முடியும் என்று ஒருவர் கண்டுபிடித்தார். அவர் தேறினார். சிறப்பு விமானம் இல்லாமலேயே பயணம் செய்யும் அளவுக்குத் தேறி, ஊர் திரும்பி, நன்றி சொல்லவும் வந்தார்.

இதையெல்லாம் கேட்டா, உதவி பண்றதுக்குன்னே ஒரு குழு ஆரம்பிச்சாங்க போலன்னு தோணும். இல்லை. டெல்லிக் கோமாவில் கிடந்தவருக்காக ஓடினார்களே, அவரை அவர்களுக்கு எப்படித் தெரியும்? வருஷக்கணக்காக அவரோடு வம்பளந்ததால் தெரியும். அவர் எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்று தெரியும். ஒருவரைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிறகு, அவர் சாகக் கிடக்கிறார் என்றால் கை சும்மா இருக்காது. முன்பின் தெரியாத ஒருத்தர் இதே உதவியைக் கேட்டிருந்தா பாதிப்பேர் ஒரு ஆறுதல் வரி போட்டுட்டு நகர்ந்திருப்பாங்க. நாம ஸ்டேட்டஸ்ல வர்ற ரத்ததான அறிவிப்பைத் தள்ளிவிடுற மாதிரி.

இப்போது நான் தள்ளிப்போட்டு வந்த விஷயம். உன் சொல்லுக்கு நீயே சொந்தக்காரன் என்ற விதி. சொந்தக்காரன் என்றால், வேண்டாம் என்று அழிக்கவும் உரிமை உண்டு இல்லையா? 1990-ல் ஓர் உறுப்பினர், தான் எழுதியதை எல்லாம் ஒட்டுமொத்தமாக அழிக்கிற ஒரு சின்ன புரோகிராமை ஓட்டினார். ரொம்ப எழுதுகிறவர் அவர். சுவாரஸ்யமானவர், கோபக்காரர், பலரோடு முட்டிக்கொண்டவர். ஒரே நாளில் அவருடைய எல்லா வரிகளும் காணாமல் போயின. ஒவ்வொரு பழைய உரையாடலிலும் பல் விழுந்த இடம் மாதிரி ஓட்டை. அதைப் பார்த்தவர்களுக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் பேச்சையும் சேர்த்துக் கெடுத்துவிட்டாயே என்று திட்டினார்கள். சில வாரம் கழித்து அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அது ஒரு அறிகுறி என்று பிறகுதான் எல்லாருக்கும் உறைத்தது. அவ்வளவு பேர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தும், பார்த்தது என்ன என்று புரியவில்லை. முகம் தெரிந்திருந்தால் புரிந்திருக்குமா? அப்படியும் அடித்துச் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கவனிக்காமல் விடுகிறவர்களும் உண்டு. ஆனால் வெல்லைப் பற்றி இனிப்பாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவதுதான் எனக்குப் பிடிக்காது.

டாம் மேண்டல் கதை வேறு மாதிரி. இவர் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனத்தில், வருங்காலம் எப்படி இருக்கும் என்று கணிக்கிற வேலையில் இருந்தவர். வெல்லில் அதிகமாக எழுதியவர்களில் ஒருவர், அதிகமாகச் சண்டை போட்டவர்களிலும் ஒருவர். இருமலும் காய்ச்சலுமாக இருக்கிறது என்று உடல்நல அறையில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். அது நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தபோதும் அங்கேயே வந்து சொன்னார். அடுத்த சில மாதம் பரிசோதனை, சிகிச்சை, வலி எல்லாமே அந்தத் திரையில்தான் நடந்தது. யாரோடெல்லாம் முட்டிக்கொண்டாரோ அவர்களும் வந்து பேசினார்கள். கடைசியில் அவர் ஒரு விடைகொடுப்புக் கடிதம் எழுதினார். உடம்பு இருக்காது, ஆனால் என்னைத் துண்டு துண்டாக இங்கே விட்டுவிட்டுத்தான் போகிறேன் என்பது அதன் சாரம். முன்னே சொன்னவர் தன் சொற்களை எடுத்துக்கொண்டு போனார். இவர் விட்டுவிட்டுப் போனார். 1995 ஏப்ரல் 5-ஆம் தேதி இறந்தார்.

அதற்குள் இன்டர்நெட் எல்லார் வீட்டுக்கும் வர ஆரம்பித்துவிட்டது. வெல்லை 1994-ல் புரூஸ் காட்ஸ் என்ற காலணித் தொழிலதிபர் வாங்கினார். பெரிதாக்க வேண்டும் என்று அவர் நினைத்தார், பழைய ஆட்கள் முறைத்தார்கள். 1999-ல் சலோன் என்ற இணையப் பத்திரிகை வாங்கியது. 2012-ல் சலோன் அதை விற்கப் பார்த்தபோது, பழைய உறுப்பினர்கள் 11 பேர் சேர்ந்து, 4 லட்சம் டாலர் கொடுத்து அவர்களே வாங்கிவிட்டார்கள். கம்பெனிக் கணக்குப்படி பார்த்தால் அசட்டுத்தனமான முதலீடு. அங்கே விற்பதற்கு என்ன இருந்தது? 27 வருஷத்துப் பழைய பேச்சு, கொஞ்சம் வயசான ஆட்கள்.

அந்த வயசான ஆட்களில் ஒருவர் நம்ம ரைன்கோல்ட். 2010-ல் அவருக்கும் புற்றுநோய் வந்தது. அதைப் பற்றி ஒளிவுமறைவே இல்லாமல், ஜோக்கடித்துக்கொண்டே வெளியில் எழுதினார். கதிர்வீச்சு சிகிச்சை என்றால் தினமும் போகணும், தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகிற தெம்பு இருக்காது. அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டவர்களில் வெல் நண்பர்களும் இருந்தார்கள். உண்ணி கடித்த குழந்தைக்கு அப்போது 26 வயசு இருக்கும்.